மருந்து கொடுக்காத ராத்தா

அவரை நான் முதன்முதலாகப் பார்க்கப் போனது அவருடைய வேலையை நிறுத்துவதற்காக.

அப்போது நான் கல்முனைப் பகுதியில் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்தேன். ஊரில் சுருக்கமாக பி.எச்.ஐ. என்பார்கள். தேநீர்க் கடைகளின் சமையலறை, இறைச்சிக் கடை, டெங்கு நுளம்பு பெருகும் கிணறு என்று சுற்றித் திரிவதுதான் என் நாளாந்த வேலை. சொந்த ஊர் பாண்டிருப்பு. எங்கள் வீடுகளில் மூத்தவளை அக்கா என்போம். சந்தையைத் தாண்டி முஸ்லிம் தெருக்களுக்குள் நுழைந்தால் அது ராத்தா. ஊர் முழுக்க அவரை அப்படி அழைத்ததால் நானும் அப்படியே அழைத்தேன். பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

சுனாமிக்கு ஒன்றரை வருடம் முன்பு எங்கள் அலுவலகத்துக்கு ஒரு முறைப்பாடு வந்தது. எழுதியவர் அரசாங்க ஆஸ்பத்திரி வைத்தியர் ஒருவர். பதிவு இல்லாத ஒரு பெண் தன்னுடைய நோயாளிகளுக்கு வைத்தியம் பார்க்கிறார், அது போதாதென்று நோயாளிகளின் கிளினிக் கொப்பியிலேயே குறிப்பு எழுதி அனுப்புகிறார் என்பது குற்றச்சாட்டு. அந்தக் கொப்பியின் ஒரு பக்கத்தைப் பிரதியெடுத்து இணைத்திருந்தார். டொக்டரின் அவசரக் கிறுக்கலுக்குக் கீழே உருண்டையான, தெளிவான ஆங்கிலத்தில் நான்கு வரிகள். "நீங்கள் கொடுத்த மாத்திரை எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. இராச் சோற்றைப் பாதியாகக் குறைக்கச் சொன்னேன். காலையில் அரை மணி நேரம் நடை. வாரத்தில் மூன்று நாள் இடுப்பளவு குளிர்நீரில் உட்கார வைக்கிறேன். பிழையென்று நினைத்தால் அழித்துவிடுங்கள். அதற்காகத்தான் பென்சிலால் எழுதியிருக்கிறேன்."

அந்தக் கடைசி வரியை வாசித்துவிட்டு எங்கள் மேலதிகாரி சிரித்தார். "கள்ள வைத்தியம் செய்றவன் எவனாவது தன்ட கையெழுத்த டொக்டருக்கு அனுப்புவானா? போய்ப் பார்" என்றார்.

வீடு கடற்கரையிலிருந்து மூன்றாவது தெருவில் இருந்தது. மதிலில் ஒரு பலகை தொங்கியது: "இங்கு வைத்தியர் இல்லை. மருந்து கொடுக்கப்படுவதில்லை." பலகைக்குக் கீழே நீள மர வாங்கில் ஏழெட்டுப் பெண்கள் காத்திருந்தார்கள். உள்ளே இரண்டு சீமெந்துத் தொட்டிகள், சலித்துக் காயவைத்த களிமண் நிறைந்த ஒரு பெட்டி, வாழையிலை, ஈரத் துணிகள். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயதுப் பெண் ஒருவர், கை நீளச் சட்டையை முழங்கை வரை சுருட்டிவிட்டு, ஒரு கிழவியின் முழங்காலில் மண்பத்துப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சட்டைக் கையை இறக்கி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து வந்தார்.

"பி.எச்.ஐ. தம்பியா? வாங்க. டொக்டர் எழுதித்தானே அனுப்பின? நான்தான் அந்தக் கொப்பியில எழுதின."

"நீங்க டொக்டரா?" என்று கேட்டேன்.

"இல்ல."

"பரிசாரியாரா?" நாட்டு வைத்தியரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம்.

"அதுவும் இல்ல."

"அப்ப நீங்க ஆரு?"

"அதத்தான் தம்பி நானும் நாலு வருஷமாக் கேட்டுத் திரியிறன்" என்று கடிதங்கள் குத்திய ஒரு கோப்பை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார்.

கலவர நாட்களில் அவருடைய வாப்பா குடும்பத்தை இந்தியாவுக்குக் கூட்டிப் போயிருக்கிறார். அங்கே இவர் கல்லூரியில் ஐந்தரை வருடம் இயற்கை வைத்தியம் படித்துப் பட்டம் வாங்கியிருக்கிறார். உடற்கூறு, நோயறிதல் எல்லாம் படித்து, பிணத்தை அறுத்துப் பார்த்துப் பரீட்சை எழுதிய படிப்பு. அந்த நாட்டில் அவர் வைத்தியர். கடல் தாண்டி இங்கே வந்து இறங்கியதும் ஒன்றுமில்லாதவர். ஆங்கில வைத்தியத்துக்கான பதிவில் இந்தப் படிப்பு இல்லை. நாட்டு வைத்தியத்துக்கான பதிவில் சில முறைகளுக்கு இடமுண்டு, இதற்கு அங்கேயும் தனிப் பக்கம் கிடையாது. கோப்பு முழுக்க இதே பதில்கள். அலுவலகம் ஒன்றில் மனமிரங்கிய ஒருவர், "பாம்புக்கடி வைத்தியம் என்று விண்ணப்பம் போடு பிள்ளை, பரம்பரையாகப் பார்க்கிறோம் என்று ஊரில் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வா, பதிந்து தருகிறேன்" என்று வாயால் வழி சொல்லியிருக்கிறார்.

"போட்டிருக்கலாமே" என்றேன்.

"எனக்குப் பாம்புக்கடி பாக்கத் தெரியா" என்றார். கேள்வியே விளங்காதவர்போல என்னைப் பார்த்தார். "நாளைக்கு ஒருத்தன் கடிபட்டு வந்தா நான் என்ன செய்ற?"

ஏன் டொக்டரின் கொப்பியில் எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். எழுதாவிட்டால் யாருக்கும் தெரியாது, முறைப்பாடும் வந்திராது என்பதையும் சொன்னேன்.

"தம்பி, ஒரே உடம்ப ரெண்டு பேர் பாக்கிறம். நான் சோத்தக் குறைச்சா சீனி குறையும். அது தெரியாம அவர் மாத்திரையக் கூட்டினா இந்த மனிசி மயங்கி விழும். அவருக்குத் தெரியணுமா இல்லையா?"

நான் அறைகளையெல்லாம் பார்த்தேன். ஒரு மாத்திரை இல்லை, ஒரு போத்தல் எண்ணெய் இல்லை, ஊசி இல்லை. பெயருக்கு முன்னால் எங்கேயும் டொக்டர் என்று இல்லை. எதைச் சொல்லி இவர்மேல் வழக்குப் போடுவது என்று தெரியவில்லை என்றே அறிக்கை எழுதினேன். ஆனாலும் மேலிடத்தின் கட்டளைப்படி, அரசாங்கக் கொப்பியில் இனிமேல் எழுதுவதில்லை என்று அவரிடம் கையெழுத்து வாங்கினேன். மறுபேச்சில்லாமல் போட்டுத் தந்தார். அடுத்த வாரத்திலிருந்து குறிப்பைத் தனித் துண்டில் எழுதிக் கொப்பியின் அட்டையில் குண்டூசியால் குத்தி அனுப்பத் தொடங்கினார். நான் போய்க் கேட்டதற்கு, "கொப்பியில எழுதலியே. குத்தித்தானே உட்டிரிக்கன்" என்றார். சிரிக்கவேயில்லை.

அதன் பிறகு நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். அவரைத் தேடி வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் மூட்டுவலி, மலச்சிக்கல், உடற்பருமன், தூக்கமில்லாத வருத்தக்காரர்கள். அவர்களுக்கு அவர் செய்ததெல்லாம் தண்ணீர், மண், வெயில், சாப்பாடு, நடை. ஆனால் முதலில் கிளினிக் கொப்பியைக் காட்ட வேண்டும். கொப்பி இல்லாதவர் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிட்டு வர வேண்டும். வந்தவர்களைத் திருப்பி அனுப்பும்போது வலது கையை நீட்டி, மணிக்கட்டில் இடது கை விரலால் ஒரு கோடு போடுவார். "என்ட கை இதோட நிக்கிது. இதுக்கு அங்கால அவங்கட கை" என்பார். நெஞ்சுவலி என்று வந்த ஒரு கடைக்காரரை அந்த வாங்கிலேயே உட்காரவிடாமல், தெருவில் போன ஓட்டோவை மறித்து ஏற்றி அனுப்பியதை நானே பார்த்தேன். அந்த மனிதர் போகும்போது, "இவக்கு ஒண்டும் தெரியா போல" என்று முணுமுணுத்துக்கொண்டு போனார். பள்ளிக்கூட அதிபர் ஒருவர் வந்து இரண்டு கிழமை லீவுக்கு மருத்துவச் சான்றிதழ் கேட்டார். "சட்டப்படி நான் ஆருமில்ல சேர். ஆருமில்லாதவ எழுதித் தாற கடிதத்த வெச்சு என்ன செய்யப் போறீங்க?" என்று அனுப்பிவிட்டார்.

பாலமுனையிலிருந்து ஒரு மீனவர் தன்னுடைய மகளைக் கூட்டிக்கொண்டு வந்த நாளில்தான் எனக்கு அவர்மீது முதன்முதலாகப் பயங்கலந்த மரியாதை உண்டானது. பிள்ளைக்குப் பதினொரு வயது. சின்ன வயதிலேயே வரும் சீனி வருத்தம். தினமும் இரண்டு வேளை இன்சுலின் ஊசி. தகப்பனுக்கு அது பொறுக்கவில்லை. மெலிந்த பிள்ளையின் தொடையில் ஊசிபட்ட தடங்களைக் காட்டி அழுதார்.

"ஊசிய நிப்பாட்டிப் போட்டு நீங்க பாருங்க ராத்தா. பாவக்காயோ மண்ணோ, எது வேணுமெண்டாலும் குடுங்க. நீங்க சீனிய இறக்கிறயாம் எண்டு ஊரெல்லாம் கதைக்கிறாங்க."

"அது பெரிய ஆக்களுக்கு வாற சீனி. இது வேற" என்றார் ராத்தா. "இந்தப் புள்ளட உடம்பில இன்சுலின் ஊறாது. ஊசிய நிப்பாட்டினா புள்ள மௌத்தாப் போகும். பாவக்காய் திண்டும் மௌத்தாப் போகும், மண்ணுப் பூசியும் மௌத்தாப் போகும்."

பிள்ளை செத்துப்போகும் என்று அப்படி ஒளிவில்லாமல் அவர் சொன்னதும் தகப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. வேறொரு ஊரில் ஒருவர் நாற்பது நாளில் ஊசியை நிறுத்திக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார், அங்கே போகிறேன் என்று பிள்ளையை இழுத்துக்கொண்டு வெளியேறினார். ராத்தா செருப்பைக் கூடப் போடாமல் பின்னால் ஓடினார். பஸ் ஏறும்வரை கூடவே போய்ப் பேசியிருக்கிறார். பிறகு அடுத்த பஸ்ஸில் தானும் ஏறிப் பாலமுனைக்கே போய்விட்டார். அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்து, "புள்ளக்கு ஊசி போட்டதப் பாத்திட்டுத்தான் போவன்" என்றிருக்கிறார். பிள்ளையின் உம்மா ஊசி போட்டதைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார். மறுநாளும் கணவரிடம் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நாளும். பத்துப் பன்னிரண்டு நாள் இப்படி நடந்தது. கடைசியில் அந்த மனிதர் களைத்துப்போய், "இனி வராதீங்க, அல்லாஹ்வுக்காகச் சொல்றன், ஊசியப் போடுறம்" என்று சத்தியம் செய்து கொடுத்தார்.

இதையெல்லாம் என்னிடம் சொன்னது ராத்தா அல்ல. சந்தையில் மீன் விற்றுக்கொண்டே அந்த மனிதர்தான் சொன்னார். "அவ ஒரு வெசர் புடிச்ச மனிசி" என்றார். பைத்தியம் என்று சொல்லும்போதும் அவர் குரலில் கோபம் இல்லை.

சுனாமி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. என் மனைவியும் பிள்ளைகளும் உள்நாட்டுப் பக்கம் மாமியார் வீட்டில் இருந்ததால் தப்பினார்கள். பாண்டிருப்பில் என் வீட்டுக்குக் கூரை இருக்கவில்லை. பின்னேரம், வயல் வட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஜனங்கள் கூடியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். கிணற்றுக்குக் குளோரின் போட வேண்டுமே. அங்கே ராத்தா இருந்தார். உடுப்பெல்லாம் சேறு காய்ந்திருந்தது. அவருடைய தெருவே இல்லை என்றார்கள்.

கூரைத் தகடும் கண்ணாடியும் முள்கம்பியும் கிழித்த காயங்களோடு நூற்றுக்கணக்கானவர்கள். அவரிடம் முன்பு மண்பத்துப் போட்டுச் சுகம் கண்ட பெண்கள் சிலர் கை நிறையச் சேற்றை அள்ளி வந்து, "ராத்தா, பூசி உடுங்க" என்று நின்றார்கள்.

"தொடாதீங்க!" என்று அவர் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. "கொட்டுங்க அத. இதுக்குள்ள மலசலம் இரிக்கி, செத்துப்போன மையித்து இரிக்கி. நான் போட்ட மண் ஆறடிக்குக் கீழ எடுத்து, சலிச்சு, வெயில்ல காயவெச்ச மண். இது காயத்தில பட்டா ஆள் முடிஞ்சிது."

அரிசிக்காக வைத்திருந்த பெரிய கிடாரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, உப்புப் போட்டுக் காயங்களைக் கழுவினார். அவர் தலைமையில் பத்துப் பெண்கள் பொழுது சாயும்வரை அதையே செய்தார்கள். டெட்டனஸ் என்னும் ஏற்புவலிக்கு ஊசி போட ஒரு குழு வந்தபோது ஜனங்கள் தயங்கினார்கள். ராத்தா ஊசிக்கு எதிரானவர் என்று பலருக்கும் ஒரு நினைப்பு. அவர் எல்லாரும் பார்க்கும்படி முதல் ஆளாகப் போய் உட்கார்ந்து கையை நீட்டினார். அவருக்குப் பின்னால் வரிசை பள்ளிக்கூட வாசல்வரை நீண்டது.

மறுநாள் காலையில் ஓர் உழவு மெசின் வட்டை வழியாகக் குலுங்கி வந்தது. பின்னால் இழுத்து வந்த பெட்டிக்குள் பாலமுனை மீனவரும் அந்தப் பிள்ளையும். வீட்டோடு ஊசி மருந்தையும் கடல் கொண்டு போய்விட்டது. பிள்ளைக்கு ஒரு நாளாக ஊசி இல்லை. நாலைந்து இடத்தில் விசாரித்து, "மண்ணு ராத்தா எங்க, மண்ணு ராத்தா எங்க" என்று கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார். ராத்தா பிள்ளையின் வாயருகே குனிந்து மூச்சை முகர்ந்தார். நாக்கைப் பார்த்தார். மெசின் பெட்டியில் ஏறி உட்கார்ந்து, "தம்பி, நீங்களும் ஏறுங்க. ரோட்டுல மறிச்சா அரசாங்க ஆள் ஒருத்தர் வேணும்" என்றார்.

உள்நாட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் பாதையோரம் வெள்ளைத் துணியால் மூடிய உடல்கள். மெசின் வேகம் குறையும் இடங்களில் ராத்தா ஒரு கையால் பிள்ளையைப் பிடித்தபடி எட்டி எட்டிப் பார்த்தார். இரண்டு இடத்தில் இறங்கிப் போய்த் துணியின் நுனியைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஓடி வந்து ஏறினார். பிள்ளை இப்படிக் கிடக்கும்போது இது என்ன விடுப்பு, வேடிக்கை பார்க்கும் நேரமா என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

ஆஸ்பத்திரியில் கால் வைக்க இடமில்லை. தாழ்வாரத்தில் ஓடிக்கொண்டிருந்த வைத்தியர் ஒருவரின் கையில் ராத்தா ஒரு துண்டுக் கடதாசியைத் திணித்தார். மெசினில் வரும்போதே எழுதியது. கடைசியாக ஊசி போட்ட நேரம், அளவு, எத்தனை தரம் தண்ணீர் குடித்தது, எத்தனை தரம் சிறுநீர் போனது, வாந்தி, மூச்சில் பழ வாசம். வைத்தியர் வாசித்தார். எழுத்தை மறுபடி பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். முறைப்பாடு எழுதிய அதே டொக்டர்.

"நீங்களோ அது?" என்றார். யாழ்ப்பாணத்துக்காரர்.

"ஓம், நான்தான். புள்ளயப் பாருங்க."

பிள்ளைக்கு இன்சுலினும் சேலைனும் ஏற்றினார்கள், தரையில் பாயில் கிடத்தி. ஒரு மணி நேரம் கழித்து டொக்டர் திரும்பி வந்தார். அவரிடம் ஆட்கள் இல்லை. தாதிமாரில் பாதிப் பேர் வந்து சேரவில்லை. "உங்களை இதுக்குள்ள வேலை செய்ய விட எனக்கு அதிகாரம் இல்லை" என்று தொடங்கினார்.

"நான் அதிகாரம் கேக்கல டொக்டர். தண்ணி பருக்கவும் சலம் எடுக்கவும் ஆள் வேணுமா, வேணாமா?"

டொக்டர் தன்னுடைய சட்டைப் பையிலிருந்த பேனையை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ராத்தா அந்தத் தாழ்வாரத்தில் மூன்று நாள் இருந்தார். பிள்ளை பிழைத்தது. வேறு எத்தனையோ பேருக்கும் அவர் தலைமாட்டில் இருந்து ஒவ்வொரு மணிக்கும் அவர்கள் நிலையை எழுதி வைத்தார். ஒரு ஊசியையும் கையால் தொடவில்லை. மணிக்கட்டோடு நின்ற கை அங்கேயும் அப்படியே நின்றது.

நான்காவது நாள்தான் எனக்குத் தெரிய வந்தது. அந்த ஞாயிறு காலை அவருடைய கணவர் கடற்கரைக்கு மீன் வாங்கப் போயிருந்தார். அவருடைய உடல் எப்போதுமே கிடைக்கவில்லை. பாதையோரத் துணிகளை ராத்தா ஏன் தூக்கிப் பார்த்தார் என்பது விளங்கியபோது, நான் பட்ட எரிச்சலை நினைத்து வெட்கப்பட்டேன். இன்றும் வெட்கப்படுகிறேன்.

பிறகு வெளிநாட்டு உதவிகள் வந்தன. ஒரு தொண்டு நிறுவனத்தார் அவருக்கு ஒரு சிகிச்சை நிலையமே கட்டித் தருகிறோம், வாசலில் டொக்டர் என்று போட்டுக்கொள்ளுங்கள், இந்த நேரத்தில் யார் கேட்கப் போகிறார்கள் என்றார்கள். அவர் நான்கு சுவரும் இரண்டு தொட்டியும் போதும் என்று கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு காணியில் பழையபடி தொடங்கினார். அந்த டொக்டரின் கோபமும் ஒரு மாதிரி அடங்கியிருந்தது. கொப்பியில் குத்தி வரும் துண்டுகளை அவர் வாசித்தார் என்று தாதிமார் சொன்னார்கள்.

இப்படியே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

யுத்தத்தின் கடைசி வருடங்கள். வீதியெல்லாம் சோதனைச் சாவடிகள். ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போக மூன்று தரம் இறங்கி நடக்க வேண்டும். பெண்கள் தனியாகப் போவதை வீடுகளில் விரும்பவில்லை. அந்த நாட்களில் ராத்தாவோடு ஒன்றாகப் பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு பெண் அவரிடம் வந்தார். சந்தைக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருந்தவரின் மனைவி. மார்பில் ஒரு கட்டி. ஆண் டொக்டரிடம் காட்ட வெட்கம், கணவனிடம் சொல்லவும் வெட்கம். ராத்தா பார்த்த உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். தானே கூட்டிப் போகிறேன் என்றும் சொல்லியிருக்கிறார். "நானே போறன்கா" என்று அந்தப் பெண் சொல்லிவிட்டார்.

ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். "போய்க் காட்டின. பயப்பட ஒண்டுமில்ல எண்டு சொன்னாங்க" என்றார்.

"கொப்பி எங்க?"

"சாவடியில இறக்கி ஏத்தின நேரம் பேக்கோட எங்கயோ உட்டுட்டன்கா."

ராத்தா நம்பினார். சின்ன வயதுச் சினேகிதி, நாட்டில் அப்போது எல்லாருக்கும் எல்லாமே தொலைந்துகொண்டிருந்தது. கொப்பியைக் காணாமல் அவர் ஒருவரைத் தொடர்ந்து பார்த்தது என் அறிவில் அந்த ஒரு தரம்தான். சாப்பாடு, நடை, தூக்கம் என்று சொல்லிக் கொடுத்தார். அந்தப் பெண் ஆஸ்பத்திரிக்குப் போகவேயில்லை. தெரியவந்தபோது கட்டி வெடித்திருந்தது. நான்கு மாதத்தில் இறந்து போனார்.

தையல்காரர் பொலிஸில் முறைப்பாடு கொடுத்தார். பதிவில்லாமல் வைத்தியம் பார்த்து என் மனைவியைக் கொன்றார் என்று. வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தது. பழைய அறிக்கையை எழுதியவன் என்பதால் என்னையும் சாட்சிக்கு அழைத்தார்கள். ராத்தாவின் சட்டத்தரணி உற்சாகமாக இருந்தார். மருந்து கொடுக்கவில்லை, பட்டம் போடவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்கிறார், வழக்கு நிற்காது, வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்றார்.

அவர் சொன்னபடிதான் நடந்தது. என் சாட்சியத்தையும் கேட்டுவிட்டு நீதவான், இவர் செய்தது எந்தச் சட்டப் பிரிவுக்குள்ளும் குற்றமாகவில்லை, விடுவிக்கிறேன், நீங்கள் போகலாம் அம்மா என்றார். ராத்தா போகவில்லை. கூண்டின் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

"ஐயா, ஒண்டு சொல்லணும். சட்டத்தில பிழையில்ல எண்டு சொன்னீங்க. ஆனா நான் பிழ செஞ்சிரிக்கன். கொப்பி பாக்காம ஆரையும் பாக்கிறல்ல எண்டு எல்லாருக்கும் சொல்லிப்போட்டு, இவக்கு மட்டும் பாக்காம உட்டன். நான் கையப் புடிச்சிக் கூட்டிப் போயிருந்தா இவ இன்னமும் இரிந்திருப்பா. அத எழுதி வைங்க."

சட்டத்தரணி தலையில் கை வைத்துக்கொண்டார். நீதவான் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு எழுதுவினைஞரைப் பார்த்து, "அவர் சொன்னதைப் பதியுங்கள்" என்றார். நான் எத்தனையோ வழக்குகளுக்குச் சாட்சி சொல்லப் போயிருக்கிறேன். விடுதலையான பிறகு தன்மீது தானே குற்றம் சொல்லி நின்ற ஒருவரை அதற்கு முன்னும் பின்னும் பார்க்கவில்லை.

வெளியே வந்தோம். யுத்தம் முடிந்துவிட்டது என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்த கிழமை அது. வீதியில் எங்கோ பட்டாசு வெடித்தது. பல கடைகள் அரைக் கதவோடு மௌனமாக இருந்தன. தையல்காரர் மரத்தடியில் தனியாக நின்றார். ராத்தா நேராக அவரிடம் போனார். "மன்னிப்புக் கேக்க எனக்குத் தகுதியில்ல. உங்களுக்கு ஏசணும் எண்டா ஏசுங்க" என்றார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாள் ராத்தா தொட்டிகளைக் கவிழ்த்து வைத்தார். யாரும் மூடச் சொல்லவில்லை, அவராகவே மூடினார். பிறகு கிழமையில் இரண்டு நாள், காலையில் பஸ் தரிப்பிடத்தில் நாலைந்து பெண்களோடு அவரைக் காணலாம். வெட்கத்தாலும் பயத்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்தவர்களை வீடு வீடாகத் தேடிப் பிடித்துக் கூட்டிப் போனார். சாவடியில் அவர்களோடு இறங்கி, நடந்து, வரிசையில் நின்று, திரைக்குப் பின்னால் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இப்ப என்ன வைத்தியம் ராத்தா செய்றீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வைத்தியமில்ல தம்பி. கூடப் போறன்" என்றார்.

தொட்டிகளைக் கவிழ்த்து எட்டு மாதம் இருக்கும். டெங்குப் பரிசோதனைக்காக அவருடைய தெருவுக்குப் போயிருந்தேன். அஸர் தொழுகை முடிந்த நேரம். வாசலில் ஒரு ஓட்டோ வந்து நின்றது. இறங்கியவர் தையல்காரர். உள்ளே வரவில்லை. மதில் வாசலின் படலையைப் பிடித்துக்கொண்டு, ராத்தாவைப் பார்க்காமல், தரையைப் பார்த்துப் பேசினார்.

"மச்சினி வந்திரிக்கா. செத்தவட தங்கச்சி. அவக்கு இரிந்த மாதிரியே இவக்கும் ஒண்டு. ஆரோடயும் போக மாட்டாவாம். உங்களோட எண்டாத்தான் வருவாவாம்."

ராத்தாவின் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். "நான் பாக்க மாட்டன்" என்றார்.

"பாக்கச் சொல்லல்ல" என்றார் அவர். "கூட்டிப் போங்க எண்டுதான் வந்த."

ராத்தா உள்ளே போய் முக்காட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு அதே ஓட்டோவில் ஏறினார். சோதித்ததில் அதுவும் அதே நோய்தான். ஆனால் ஆரம்பத்திலேயே பிடிபட்டுவிட்டது. தூர நகரத்து ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை நடந்தது. ராத்தா இருபது நாள் அந்த வார்ட்டில் கூட இருந்தார்.

கட்டி போய்விட்டது. ஆனால் எடுத்த பக்கத்துக் கை வீங்கி, தோளுக்கு மேல் எழும்பாமல் நின்றுவிட்டது. சீப்பைத் தலைக்குக் கொண்டுபோக முடியவில்லை, முக்காடு கட்ட முடியவில்லை. யாழ்ப்பாணத்து டொக்டர் ராத்தாவை அழைத்து, தண்ணீருக்குள் வைத்துக் கையைப் பயிற்றுவிக்கலாமா என்று கேட்டாராம். எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று இருவரும் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். கவிழ்ந்து கிடந்த தொட்டிகளில் ஒன்றை ராத்தா நிமிர்த்தி வைத்தது அந்தக் கைக்காகத்தான்.

கிழமைக்கு மூன்று தரம் தையல்காரர் மச்சினியைச் சைக்கிளில் ஏற்றி வந்து இறக்கிவிட்டு, மதிலுக்கு வெளியே காத்திருப்பார். ராத்தாவோடு அவர் பேசி நான் பார்க்கவில்லை. மூன்றாவது மாதம் ஒருநாள் நானும் அங்கே நின்றேன். அந்தப் பெண் வாசலுக்கு வந்தார். காற்று முக்காட்டைத் தள்ளிவிட்டது. அவர் வீங்கியிருந்த அந்த வலது கையை எடுத்தார். கை மெதுவாகத் தோளைத் தாண்டி, காதைத் தாண்டி, உச்சி வரைக்கும் போனது. முக்காட்டை இழுத்து, இரண்டு கையாலும் தானே கட்டிக்கொண்டார்.

தையல்காரர் சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டு, முதன்முறையாகப் படலையைத் திறந்துகொண்டு உள்ளே போனார்.